எதையும் நிறுத்தாத பட்டன்

புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையும் சமாதானப்படுத்த நான் இதை எழுதவில்லை. போர்டில் எந்த ஐசி போயிருக்கிறது என்று என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதற்கு என் அனுபவம் தேவையில்லை. உங்களில் சிலர் இப்போது போனில் காசு கட்டி ஆடுகிற விளையாட்டுகளை உருவாக்கும் கம்பெனிகளில் சேர்ந்திருக்கிறீர்கள். சக்கரம் எப்படிச் சுற்ற வேண்டும், தோற்றவன் திரையில் எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் வேலை. அது இன்றைக்குப் பிறந்த வேலை அல்ல. தொண்ணூறுகளில் இராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அதே வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த மிஷின்களின் பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தவள் நான்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு டவுனில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தேன். டிவி வரும், ஸ்டெபிலைசர் வரும். பஞ்சு மில்களில் நூலின் கனத்தைப் பார்க்கிற சென்சார் கருவிகள் பழுதானால் நாங்கள்தான் போவோம். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுவார், கடையில் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் எந்த பாஷையிலும் பேச மாட்டார். “ஜெய்னம்பு வந்தா அனுப்புங்க” என்று மில்காரர்கள் என் பெயரைச் சொல்லிக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அதில் என்னைப் பெற்ற அத்தாவுக்குப் பெருமை. சொந்தக்காரர்களுக்கு வருத்தம்.

செல்லத்துரை அண்ணாச்சி என்பவர் கேசட் கடையை மூடிவிட்டு அந்த மாடியை வாடகைக்கு எடுத்தார். வாசலில் ‘வீடியோ கேம்ஸ்’ என்று போர்டு. முன்னால் கார் ஓட்டுகிற விளையாட்டு இரண்டு. திரைச்சீலையைத் தாண்டி உள்ளே போனால் வரிசையாக வேறு மிஷின்கள். டோக்கன் போட்டால் திரையில் மூன்று சக்கரங்கள் சுற்றும். சக்கரம் முழுக்கப் பழங்களின் படம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒரு சிவப்புப் பட்டன். அமுக்கினால் சக்கரம் நிற்கும். மூன்றிலும் ஒரே பழம் வந்தால் தட்டில் டோக்கன் கொட்டும், அதைக் கவுண்டரில் காசாக்கிக்கொள்ளலாம். பட்டனை அமுக்கி நிறுத்துவதால் இது கைத்திறமை விளையாட்டு என்று சொல்லித்தான் அண்ணாச்சி லைசென்ஸ் வாங்கியிருந்தார். மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் எங்கள் கடைக்கு வந்தது. என்னை அனுப்பினார்கள்.

மிஷின்களோடு சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெயர் வேண்டாம். அவரைப்போல ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆளை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. படம் வருகிறதா என்று பார்க்கும் முன்பு சத்தத்தைத்தான் சோதிப்பார். ஜெயித்தால் மணி அடிக்கும், தட்டு கடகடக்கும், பக்கத்து மிஷின்காரன் திரும்பிப் பார்ப்பான். தோற்றால் எந்தச் சத்தமும் கிடையாது.

“ஹாலுக்குள்ள நின்னு கேளு. எல்லாரும் ஜெயிக்கற மாதிரியே இருக்கும். தோக்கறது காதுல விழாதில்ல” என்றார்.

டோக்கன் விழும் தட்டின் தகடு ஏன் இவ்வளவு மெல்லிசு என்று கேட்டேன். சத்தத்துக்காகத்தான் என்றார். சக்கரம் ஏன் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிறது என்று கேட்டேன். மூன்றாவது நிற்கும்வரை ஆசை உயிரோடு இருக்கும் என்றார். கேட்ட எதையும் அவர் ஒளித்ததில்லை. ஒரு பெண் கேட்கிறாளே என்று இளக்காரமாகப் பேசியதும் இல்லை. அவர் அங்கே இருந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டதைப் பாலிடெக்னிக்கில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நல்ல ஆசிரியர் தப்பான வேலையிலும் இருப்பார். அவரிடம் கற்றுக்கொள்ளலாம்; கற்றுக்கொண்டதற்காக அவருடைய வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பு ஒரு மிஷினில் மூன்றாவது பட்டன் உடைந்துபோனது. புதிய பட்டன் வரும்வரை அந்த மிஷினை நிறுத்திவைக்கலாமா என்று கேட்டேன்.

“எதுக்கு? ஓடட்டும்.”

“பட்டன் இல்லாம சக்கரம் எப்படி சார் நிக்கும்?”

அவர் சிரித்தார். “டோக்கன் விழும்போதே முடிவு ஆயிடும்மா. எந்தப் பழம், எந்த இடம், எல்லாம் சிப்புக்குள்ள எழுதியாச்சு. பட்டனை அமுக்குனா சக்கரம் செத்த முன்னாடி நிக்கும், அவ்வளவுதான். நிக்கற பழம் மாறாது. அமுக்க மறந்தாலும் தானா நின்னுரும்.”

“அப்ப பட்டன் எதுக்கு?”

“கை சும்மா இருந்தா மனசு யோசிக்கும்” என்றார்.

இன்னொன்றும் சொன்னார். இரண்டு பழம் சேர்ந்து, மூன்றாவது ஒரே ஒரு படி தள்ளி நிற்பது தற்செயல் அல்ல, எத்தனை தடவைக்கு ஒருமுறை அப்படிக் காட்ட வேண்டும் என்று அதையும் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று. “தோத்துட்டேன்னு காட்டுனா எந்திரிச்சுப் போயிடுவான். கொஞ்சத்துல விட்டுட்டேன்னு காட்டு, உட்காருவான்.”

அதைக் கேட்டபோது எனக்கு ஒரு மனிதரின் கைதான் நினைவுக்கு வந்தது.

குருசாமி அண்ணன் நான் அடிக்கடி போகும் மில்லில் வைண்டிங் பிரிவில் இருந்தார். ஓடுகிற நூல் அறுந்தால் முனைகளைப் பிடித்து முடிச்சுப் போடுவது அவர் வேலை. அவர் விரல் போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. நூல் மறுபடி ஓடிக்கொண்டிருக்கும். நான் சென்சாரைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்கும்போது, “நூல் சுத்துற இந்தக் கதிருலதான்மா கோளாறு, சத்தம் வேற மாதிரி வருது” என்று சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்த ஹாலில் அவரைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருக்குக் கூச்சமே இல்லை.

“மூணாவது சக்கரத்துக்கு ஒரு தாளம் இருக்கும்மா. பிடிபட்டுட்டு வருது. நேத்து ஒரு இழையில விட்டுட்டேன்” என்றார்.

அவர் சூதாடவில்லை. அப்படித்தான் நம்பினார். மில்லில் செய்வதையே இங்கும் செய்வதாக நினைத்தார். கண்ணும் விரலும் இன்னும் கொஞ்சம் பழகினால் போதும் என்று. அவருடைய வாழ்நாள் திறமை மொத்தத்தையும் அந்தச் சிவப்புப் பட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அது எதிலும் இணைக்கப்படாத ஒரு பட்டனாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஒரு வயர் போய், அவர் அமுக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தமும் கொடுத்தது. நீ செய்தாய் என்று அவருக்குச் சொல்வதற்காகவே யாரோ உட்கார்ந்து அந்தச் சத்தத்தை எழுதியிருந்தார்கள்.

சொல்லிப் பார்த்தேன். “அண்ணே, முடிவு முன்னாலேயே ஆயிருது. கை எதுவும் பண்ணல.” அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீ மிஷினத் தொறந்து பாத்திருக்க. ஆடிப் பாக்கல” என்றார்.

சில வாரம் கழித்து ஒருநாள் காலை. ஒரு மிஷினில் டோக்கன் போடும் வாய் சிக்கிக்கொண்டது என்று ஆள் வந்தது, போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். பட்டுச்சேலை, தலைநிறையப் பூ, முகம் மட்டும் அழுது வீங்கியிருந்தது. குருசாமி அண்ணனின் மனைவி முத்துமாரி.

“நீங்கதான உள்ள போற மெக்கானிக்? எங்க வீட்டுக்காரரக் கொஞ்சம் கூப்பிடுங்க. நான் படி ஏறுனா நாலு பேரு ஒரு மாதிரி பேசுவாங்க.”

மகளுக்கு அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் காதுகுத்து. சொந்தபந்தம் எல்லாம் ஆண்டாள் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் காத்திருந்தார்கள். ‘நீங்க முன்னால போங்க, பின்னாலேயே வாரேன்’ என்று சொன்ன தகப்பன் வரவில்லை. எல்லோரும் என்ன ஏதென்று கேட்க, இந்த அம்மா மகளைத் தன் அண்ணன் மடியில் உட்காரவைத்துவிட்டு பஸ் ஏறித் தேடி வந்திருந்தார். எங்கே இருப்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே போனேன். புது வேட்டி, புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறுகூட அழியவில்லை.

“அண்ணே, அக்கா கீழ நிக்காவ. அங்க புள்ளை காத்துக்கிட்டிருக்கு.”

“இந்தா வந்துட்டேம்மா. இது விழப்போற நேரம். நான் எந்திரிச்சா வேற ஒருத்தன் உக்காந்து எடுத்துருவான்.”

“அண்ணே.”

“செத்த நேரம்மா. ஒரு இழைதான் பாக்கி.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் அதைச் செய்திருக்க மாட்டேன். மிஷினின் பின்னால் போனேன், தகட்டைக் கழற்றினேன், மூன்று பட்டன்களிலிருந்தும் வருகிற கனெக்டரைப் பிடுங்கினேன். பிடுங்கியதை முன்னால் கொண்டுவந்து அவர் கண் முன்னால் பிடித்தேன்.

“உங்க பட்டனோட வயரு இதுதான். இப்ப எதுலயும் மாட்டல. டோக்கனப் போடுங்க.”

அக்கம்பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். அவர் டோக்கனைப் போட்டார். சக்கரங்கள் சுற்றின. முதல் பட்டனை அமுக்கினார். சத்தம் வரவில்லை, சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு தானாக நின்றது. இரண்டாவதும் நின்றது, அதே பழம். மூன்றாவது மெதுவாகி, மெதுவாகி, ஒரே ஒரு படி தள்ளி நின்றது.

“யார் கை இத விட்டுச்சு அண்ணே?” என்று கேட்டேன்.

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து கீழே போவார் என்று நினைத்தேன். அவர் ரொம்ப மெதுவாக, “வயர மாட்டும்மா” என்றார்.

“மாட்ட மாட்டேன்.”

அவர் எழுந்தார். எழுந்து, பக்கத்து மிஷினில் போய் உட்கார்ந்தார்.

உண்மையைக் காட்டிவிட்டால் ஆள் மாறிவிடுவான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான், வயர் இன்னும் மாட்டியிருந்த பக்கத்து மிஷினுக்குப் போனார். அந்த மிஷின் செய்து வைத்திருந்த காரியம் அவ்வளவு ஆழம்.

எனக்கு வந்த கோபம் அவர்மேல் அல்ல. அந்த மிஷினின் பின்னாலும் போனேன், அந்த வயரையும் பிடுங்கினேன். அதற்கு அடுத்ததையும் பிடுங்கினேன். வரிசையாக எல்லாவற்றிலும். “ஏய், என்னம்மா பண்ற, என் டோக்கன் உள்ள கெடக்கு” என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் என் கையைப் பிடிக்க வந்து, பெண் என்பதால் தயங்கி நின்றார். செல்லத்துரை அண்ணாச்சி கவுண்டரிலிருந்து ஓடி வருவதற்குள் கடைசி மிஷினும் முடிந்துவிட்டது. குருசாமி அண்ணன் உட்காருவதற்கு மிஷின் இல்லாமல் நடுவில் நின்றார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கணவனும் மனைவியும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். மதியத்துக்குள் காதுகுத்து நடந்துவிட்டது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி எங்கள் கடைக்கு வந்தார். “இந்தப் பொண்ணு மிஷினை எல்லாம் உடைச்சுப்போட்டுட்டா. போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன்” என்றார்.

“எழுதுங்க அண்ணாச்சி. எந்தப் பட்டன் கெட்டுச்சு, அது என்ன வேலை செய்யுதுன்னும் சேத்து எழுதுங்க” என்றேன்.

அண்ணாச்சி என் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

“எந்தப் பழத்துல நிக்கணும்னு அதுதான் முடிவு பண்ணுதுன்னு எழுதுனா, ஸ்டேஷனுக்கே ஒரு மிஷினத் தூக்கிட்டு வருவோம், அவிய முன்னால அமுக்கிப் பாப்போம். இல்லேன்னு எழுதுனா, பொறவு கைத்திறமைன்னு லைசென்ஸ் எதுக்கு வாங்குனீங்கன்னு அவியளே கேப்பாவ.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்க மார்க்கத்துல சூது ஆகாது. எனக்குப் புரியுதும்மா. அதுக்காக எம் பொழப்புல மண்ணள்ளிப் போடலாமா?”

“ஆகாதுதான். அதுக்கு நான் ஆடாம இருந்தாப் போதும். வயரக் கழட்டுனது அதுக்கில்ல. அந்தப் பட்டன் பொய் சொல்லுது.”

முதலாளி அதுவரை ஒரு ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் திரும்பி, “திரும்ப மாட்டுவியா?” என்றார்.

“மாட்ட மாட்டேன் சார்.”

“அண்ணாச்சி, வேற ஆள் பாத்துக்கோங்க” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல நாள் அவர் என்னிடம் பேசவில்லை. அந்த ஒப்பந்தத்தில்தான் கடை வாடகை ஓடிக்கொண்டிருந்தது. என்னை விட்டுக்கொடுக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. எல்லோரும் கைதட்டினால்தான் ஒரு காரியம் சரி என்று எண்ணாதீர்கள்.

மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து வயர்களை மாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் சென்னையிலிருந்து புதுச் சிப்புகள் வந்தன. இப்போது பட்டனை அமுக்காவிட்டால் சக்கரம் நிற்கவே நிற்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். நான் காட்டிய உண்மையை அவர்கள் ஒரு பழுதாக எடுத்துக்கொண்டு சரிசெய்துவிட்டார்கள். ‘அந்தப் பொண்ணு சொன்னது பொய்யி. அமுக்கினாத்தான் நிக்கிது’ என்று ஊரில் பேசினார்கள்.

அப்போதுதான் குருசாமி அண்ணன் கடைக்கு வந்தார். மில்லில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நேத்து போனேம்மா” என்றார். “புது மிஷினுல ஆடினேன். கண்ண மூடிக்கிட்டு அமுக்குனேன்.”

“கண்ண மூடிக்கிட்டா?”

“எங் கைதான் நிறுத்துதுன்னா, கண்ண மூடுனா கண்டபடி நிக்கணும்ல? நிக்கல. கண்ணத் தொறந்து அமுக்குனப்ப எம்புட்டு தடவ ஒரு இழையில விட்டுச்சோ, கண்ண மூடுனப்பவும் அம்புட்டு தடவ ஒரு இழையில விடுது.” நிறுத்திவிட்டு, “என் கைக்கு அதுல வேலையே இல்ல” என்றார். வலது கையை வேட்டியில் அழுத்தித் துடைத்தார். அவமானமா கோபமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதோடு அவர் விடவில்லை. தன்னோடு வேலை பார்ப்பவர்களையும் கூட்டிப்போய்க் கண்ணை மூடி அமுக்கச் சொன்னார். சிலர் அதோடு ஆட்டத்தை நிறுத்தினார்கள். சிலர் அவரைக் கேலி செய்துவிட்டு ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள். அவர் நின்றுவிட்டார். நான் நிறுத்தவில்லை, அவரே தன்னை நிறுத்திக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் ஃப்ரீசர் ஸ்டெபிலைசரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டில் சென்னைக்காரரைப் பார்த்தேன். மதுரை பஸ்ஸுக்குக் காத்திருந்தார். கையில் வீட்டுக்கு வாங்கிய பால்கோவா. என்னைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகமெல்லாம் சந்தோஷம்.

“அந்த ஓட்டையை எங்க ஆபீசுல ஒருத்தனும் யோசிக்கலம்மா. நீ கண்டுபிடிச்ச. நாங்க அடைச்சிட்டோம்.”

“கண்ண மூடிக்கிட்டு அமுக்குனா அதுவும் தெரிஞ்சுபோகும் சார்” என்று குருசாமி அண்ணன் செய்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த மூளை வேலை செய்வது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

“அதையும் அடைச்சிரலாம்” என்றார். பிறகு, “நீ சென்னைக்கு வந்துரு. ஆடுறவன் என்ன நினைக்கிறான்னு உனக்குத் தெரியுது. எங்களுக்கு அதுதான் வேணும். இங்க நீ எவ்வளவு வாங்குறியோ அதைப்போலப் பல மடங்கு தரச் சொல்றேன்.”

“வேண்டாம் சார்.”

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுட்டேன்.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வன்மம் இல்லை. “நீ வரலேன்னா வேற ஒருத்தன் வருவான். மிஷின் நிக்கப் போறதில்ல.”

“வரட்டும் சார். அவனத் தேடிப் பிடிச்சு, முதல்லேருந்து எல்லாத்தையும் சொல்லிக்குடுங்க. அதுக்கு எவ்வளவு நாள் ஆகுமோ, அவ்வளவு நாளாவது உங்க வேலை நிக்கும்ல.”

மதுரை பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.

வேறொருவன் வருவான் என்பதை உங்களிடமும் சொல்வார்கள். அது பொய் அல்ல, வரத்தான் செய்வான். ஆனால் எங்கள் ஊரில் அதற்குப் பிறகு மிஷின் கெட்டுப்போன ஒவ்வொரு தடவையும் மதுரையிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. டவுனில் வேறு மெக்கானிக் யாரும் அந்த வேலைக்குப் போகவில்லை. அதற்கு நான் காரணமா, குருசாமி அண்ணன் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஆள் வரும்வரை மிஷின்கள் துணி போர்த்தி நின்றன. சில சமயம் ஒரு நாள், சில சமயம் ஒரு வாரம். “மாடியில மூணு மிஷின் படுத்துருச்சாம், நீ ஒரு எட்டு பாக்கக் கூடாதா?” என்று கீழே டீக்கடையில் கேட்பார்கள். டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “மில்லுல வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டு அந்தப் படிக்கட்டைத் தாண்டி நடந்து போவேன்.